வளையல் ஓசை கேட்கும் முன்னே: காதைக் கட்டித் தரும் ஹார்மோன்

இங்கே பர்மாவில், பெகுவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போன தை மாதம் என் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. ரங்கூனிலிருந்து இரண்டு பெட்டி கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். மூங்கில் தரையில் கோரைப்பாய் விரித்து அவளை உட்காரவைத்து, சந்தனம் பூசி, அப்பாயிதான் முதல் வளையலை ஏற்றினார். கை நிறைந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்து வயிற்றுக்கு அருகே கொண்டுபோய் மெல்லக் குலுக்கினார். "எல்லாரும் செத்த பேசாம இருங்க. உள்ள இருக்குறது கேக்கட்டும்" என்றார். கூடமே அடங்கிப்போனது.

அப்பாயி சொன்னதில் தப்பில்லை. வயிற்றுப் பிள்ளை ஒலிக்கு அசைந்து கொடுக்கத் தொடங்குவது 24-ஆவது வாரத்துக்கும் 28-ஆவது வாரத்துக்கும் இடையில். ஏழாம் மாத வளைகாப்பு அந்தக் கணக்கோடு பொருந்தித்தான் வருகிறது. கண்ணாடி வளையலின் கீச்சொலி வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் கடக்கும்போது பெரும்பாலும் மழுங்கிவிடும் என்பது உண்மை. தாழ்ந்த ஒலிகளும், உடம்பு வழியாகவே இறங்கும் தாயின் குரலும்தான் நன்றாகப் போய்ச் சேரும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வளையலைவிடத் தெளிவாகக் கேட்டது, கூச்சத்தோடு அவள் சிரித்த சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

நான் எழுத வந்தது அதற்கும் முந்திய கதையை. ஏழாம் மாதத்தில் ஒரு காது கேட்க வேண்டுமென்றால், மூன்றாம் நான்காம் மாதத்திலேயே அதன் கட்டட வேலை பிசகாமல் நடந்துகொண்டிருக்க வேண்டும். வேலையை நடத்துவது தைராய்டு ஹார்மோன். நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றி இந்த நாட்டு வயலுக்கும் ஆலைக்கும் கூட்டிவந்த மேஸ்திரிகளைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். மேஸ்திரி மூட்டை தூக்குவதில்லை. யார் எப்போது எந்த வேலையில் இறங்குவது, எப்போது கையை எடுப்பது என்று குரல் கொடுப்பவர் அவர். ஹார்மோனின் வேலையும் அப்படிப்பட்டதுதான்.

தைராய்டு என்பது தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, மூச்சுக்குழலை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. ரத்தத்தில் இருக்கும் அயோடினைப் பொறுக்கியெடுத்து அது ஹார்மோன் செய்கிறது. நான்கு அயோடின் அணு கொண்டது டி4, மூன்று கொண்டது டி3. சுரப்பி அதிகமாக வெளியே அனுப்புவது டி4-ஐ. அது பெரும்பாலும் கிடங்குச் சரக்கு மாதிரி. தேவைப்படும் இடத்தில் ஓர் அணுவைக் கழற்றிவிட்டால் டி3 ஆகிவிடும். செல்லுக்குள் போய்ப் பேசுவது டி3தான். அயோடின் தேவையோ மிகச் சொற்பம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், பிள்ளைத்தாய்ச்சிக்கு 250 மைக்ரோகிராம். ஒரு மனிதருக்கு ஆயுள் முழுவதும் வேண்டிய அயோடினைச் சேர்த்து வைத்தாலும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வராது. ஆனால் அதை மொத்தமாக விழுங்கிச் சேமித்து வைத்துக்கொள்ள முடியாது. அன்றாடம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கருவுக்குத் தன் தைராய்டு உடனே கிடைத்துவிடுவதில்லை. நான்கு ஐந்து மாதம் ஆகும்வரை அதன் சொந்தச் சுரப்பு போதுமான அளவுக்கு வராது. அதுவரை தாயின் ஹார்மோன்தான் நச்சுக்கொடி வழியே அதற்குப் படி. பிறகும், அது தானே சுரக்கத் தேவையான அயோடின் தாயிடமிருந்துதான் போக வேண்டும். தாய் கருவுற்றிருப்பதை உறுதிசெய்து, மசக்கை தெளிந்து, முதன்முறையாக ஸயாமாவிடம் (மருத்துவச்சியிடம்) போய்க் காட்டுவதற்குள் இந்தக் காலத்தில் பாதி ஓடிவிடுகிறது.

உள்காதில் நடக்கும் வேலையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட, விரித்தால் மூன்றரை சென்டிமீட்டர் நீளம் வரும் குழாய் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் உள்ளே நீளவாக்கில் வரிசைகட்டி நிற்கின்றன மயிர்ச்செல்கள். ஒரு காதுக்கு உள்வரிசையில் சுமார் 3,500, வெளியே மூன்று வரிசைகளில் சுமார் 12,000. அவற்றின் தலைக்கு மேலே பசை போன்ற ஒரு மெல்லிய கூரை. ஒலி வந்தால் திரவம் அசைகிறது, மயிர்கள் கூரையில் உரசி வளைகின்றன, செல்லில் மின்சாரம் பிறக்கிறது, நரம்பு அதை மூளைக்குத் தூக்கிப் போகிறது. மனிதருக்கு இந்தச் செல்கள் ஒருமுறைதான். போனால் திரும்ப முளைக்காது.

வெளிவரிசைச் செல்லுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. அது ஒலிக்கு ஏற்பத் தன் உடலையே சுருக்கி நீட்டி, மெல்லிய ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும். அதைச் செய்வது பிரெஸ்டின் என்ற புரதம். பிரெஸ்டினை முழு அளவுக்கு உண்டாக்கவும் தைராய்டு ஹார்மோனின் உத்தரவு வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சாரத்தின் கதை. பகோடாவுக்குப் பொன் பூசும்போது அடியிலிருந்து நுனிவரை மூங்கில் சாரம் கட்டி மறைத்திருப்பார்களே, அதுபோல உள்காது உருவாகும் காலத்தில் மயிர்ச்செல்களை ஒட்டி, உயரமான செல்கள் தடிப்பாக நெருக்கியடித்து நிற்கின்றன. கட்டட வேலைக்கு அவை தேவை. மேலே இருக்கும் பசைக்கூரையின் பெரும்பகுதியை வார்த்துத் தருவதே அவைதான். வேலை முடிந்ததும் அவை இளைத்து ஒதுங்கி, அங்கே ஒரு பள்ளம் விழ வேண்டும். இரண்டு வகை மயிர்ச்செல்களுக்கும் நடுவே சிறு சுரங்கமும் திறக்க வேண்டும். அப்போதுதான் கூரை தாராளமாக அசையும். சாரத்தைப் பிரிக்கச் சொல்லும் குரல் தைராய்டு ஹார்மோனுடையது. ஹார்மோன் இல்லாமல் வளர்த்த எலிக்குட்டிகளின் காதை வெட்டிப் பார்த்தவர்கள் கண்டது இதைத்தான்: செல்கள் இருக்கின்றன, நரம்பு இருக்கிறது, கூரையும் கோணலாகத் தடித்து இருக்கிறது, சாரம் மட்டும் பிரிக்கப்படவே இல்லை. பொன் பூசிய பகோடாவைச் சுற்றி மூங்கில் அப்படியே நிற்கிறது. காலம் கடந்து ஹார்மோன் கொடுத்தால் சாரம் பிரிந்தாலும் பிரியும், கேட்கும் திறன் முழுதாகத் திரும்புவதில்லை.

எலியை வைத்து ஏன் பார்க்கிறார்கள் என்றால், எலிக்குட்டி பிறக்கும்போது செவிடு. பிறந்து ஏறக்குறைய 12 நாள் கழித்துத்தான் அதற்குக் காது திறக்கும். மனிதக் கருவுக்கு வயிற்றுக்குள் நடப்பது அதற்கு வெளியே நடக்கிறது. அதனால் ஒவ்வொரு நாளாக எட்டிப் பார்க்க முடிந்தது. பார்த்தபோது வியப்பான ஒரு சங்கதி வெளிவந்தது. ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருந்தாலும், உள்காது அதைத் தன் நேரத்துக்குத்தான் எடுத்துக்கொள்கிறது. டி4-ஐ டி3 ஆக்கும் ஒரு நொதி அங்கே இருக்கிறது. பிறந்த 7-ஆம் நாளை ஒட்டி, காது திறப்பதற்குச் சில நாள் முன்பு, அதன் வேலை உச்சத்துக்கு ஏறிப் பிறகு இறங்கிவிடுகிறது. ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் இன்னொரு நொதி அதற்கு முந்திய நாட்களில் கதவை அடைத்து வைத்திருக்கிறது. முதல் நொதி இல்லாத சுண்டெலி செவிடாகிறது. இரண்டாவது நொதி இல்லாத சுண்டெலியும் செவிடாகிறது. சாரத்தை வேலை முடியும் முன்பே பிரித்துவிட்டால் என்ன ஆகுமோ, அது.

ஆகவே "ஹார்மோன் கூடக்கூட நல்லது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த ஹார்மோனின் பேச்சு முழுவதும் நேரத்தைப் பற்றியது. 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆராய்ச்சியாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை உரிய காலத்துக்கு வெகுமுன்பே வால் சுருங்கி, கால் முளைத்து, ஈயளவு தவளைக்குஞ்சுகளாகிவிட்டன. வளர்ந்து பெரிதாக வேண்டிய காலம் பறிபோனது. தவளையின் வாலுக்கு எது விதியோ அதுவேதான் நம் காதின் சாரத்துக்கும்.

குரல் கொடுத்தால் போதுமா, கேட்டுக்கொள்ள ஆள் வேண்டாமா? டி3 வந்து ஒட்டும் ஏற்பிகள் இரண்டு வகை, ஆல்ஃபா, பீட்டா. காதுக்குப் பீட்டா முக்கியம். 1967-இல் ரெஃபெட்டாஃப் குழுவினர் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். பிள்ளைகளுக்குக் காது கேட்கவில்லை, பேச்சில்லை, கழுத்தில் வீக்கம். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவாக இருக்கும் என்று பார்த்தால் ஏராளமாக இருந்தது. உடல்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். பீட்டா ஏற்பியின் மரபணுவே அந்தப் பிள்ளைகளிடம் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 1996-இல் அதே மரபணுவை நீக்கிய சுண்டெலிகளும் செவிடாயின.

மற்ற ஹார்மோன்களுக்கும் காதில் பங்குண்டு. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி ஒன்று இல்லாமல் பிறந்தவர்களிடம் செவிடு காணப்பட்டிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்த டர்னர் நோய்க்குறி உள்ள பெண்களுக்குக் காது மந்தமாவது அதிகம். ஆரோக்கியமான காது தானாகவே எழுப்பும் மெல்லிய ஓசை பெண் குழந்தைகளிடம் ஆண் குழந்தைகளைவிட வலுவாக இருப்பதற்கு, வயிற்றிலிருக்கும்போது ஆண் ஹார்மோன் பட்ட அளவைக் காரணமாகச் சொல்கிறார்கள். இவையெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டியவை. இந்த நாட்டில் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது தைராய்டு. காரணம், அதன் கச்சாப்பொருள் சோற்றுப்பானைக்குப் பக்கத்து ஜாடியில் இருக்கிறது.

அயோடின் மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து நமக்கும் வர வேண்டியது. அடைமழை மலைச்சரிவைக் கழுவிக்கொண்டே போனால் மண்ணில் அயோடின் தங்காது. சின் மலை, கச்சின், ஷான் பகுதிகளில் கழுத்து வீங்கிய ஆட்களை முந்திய தலைமுறை சர்வசாதாரணமாகப் பார்த்திருக்கிறது; பர்மியர் லெபின்ஜீ என்பார்கள், நம்மவர் கழுத்துக் கழலை என்பார்கள். பலருக்குத் தெரியாதது, வெள்ளம் வந்து வந்து போகும் ஐராவதிச் சமவெளியும் கங்கைச் சமவெளியைப் போலவே அயோடின் வற்றிய மண் என்பது. நம் ஆட்கள் குடியேறியதெல்லாம் அந்த மாதிரி நெல்லுக்குப் பேர்போன தாழ்ந்த நிலங்களில்தான். மண் கறுப்பாக, வளமாக இருக்கிறதே என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மண்ணில் அயோடின் மிகவும் குறைந்த இடங்களில் கழலையோடு நிற்பதில்லை. 1908-இல் ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் சித்ரால், கில்கிட் மலைப் பள்ளத்தாக்குகளில் பிறவியிலேயே வளர்ச்சி குன்றியவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்களில் ஒரு வகையினரிடம் காது கேளாமையும் பேச்சின்மையும் முன்னே நின்றன. பிற்காலத்தில் நம் நீலகிரிக் குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தியவரும் இவர்தான். ஆனால் அயோடினுக்கும் இந்தச் செவிட்டுக்கும் உள்ள தொடர்பு சந்தேகமில்லாமல் நிறுவப்பட்டது பப்புவா நியூகினியாவில். 1966-இல் தொடங்கி, அங்கே ஒரு மலைப்பகுதியில் சில குடும்பங்களுக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். உப்புநீர் போட்ட தாய்மாருக்குப் பிறந்த 534 பிள்ளைகளில் 26 பேருக்கு மக்காரிசன் கண்ட அந்தப் பிறவிப் பாதிப்பு. அயோடின் போட்டவர்களுக்குப் பிறந்த 498 பேரில் 7 பேருக்கு. அந்த 7 பேரில் 6 பேரின் தாய்மார் ஊசி போட்ட அன்றே கருவுற்றிருந்தவர்கள். அதாவது, கருவுற்ற பின் வந்த அயோடின் பலருக்குப் பிந்திவிட்டது. இந்த 6 என்ற எண்ணைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

இங்கே 1990-களின் பிற்பகுதியிலிருந்து சமையல் உப்பில் அயோடின் சேர்க்கும் திட்டம் நடக்கிறது. கழலை குறைந்திருப்பதை வயதானவர்களே சொல்வார்கள். இருந்தும் ஓட்டை இருக்கிறது. வளைகாப்புக்கு மறுநாள் அதைக் கண்ணால் பார்த்தேன். கிராமத்து ஸயாமா ஒருவர் சிறு பிளாஸ்டிக் புட்டியோடு எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். கஞ்சிப்பசை சேர்ந்த மருந்துநீர் அது. உப்பில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் ஊதா நிறம் பூக்கும். சித்தி வீட்டுப் பாக்கெட் உப்பில் விட்டார். நாவல்பழச் சாறு சிந்தியதுபோல் உடனே கறுத்தது. கோயில் மடைப்பள்ளிச் சாக்கிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்து வந்தோம். சொட்டு விழுந்தது, ஊறியது, வெள்ளையாகவே கிடந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அப்படியேதான். "மோல்மீன் பக்கத்துக் கடல் உப்பாச்சே, இதுல இல்லாமலா?" என்று அப்பாயிக்கு நம்பவே மனசு வரவில்லை.

இந்தக் கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். கடல்மீனில் அயோடின் உண்டு, ஆனால் கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தங்குவதில்லை. ஆலையில் பொட்டாசியம் அயோடேட் தெளித்துச் சேர்த்தால்தான் உண்டு. நாம் தினமும் தின்னும் ஙப்பி (மீன் விழுது), கருவாடு, ஊறுகாய் எல்லாம் பெரும்பாலும் சாக்கு உப்பில் ஊறியவை. அவற்றிலேயே உப்புக் கரித்துவிடுவதால் குழம்பில் பாக்கெட் உப்பைக் குறைத்துப் போடுகிறோம். மூங்கில் குருத்தும் மரவள்ளியும் அடிக்கடி சாப்பிடும் வீட்டில், அவற்றிலுள்ள பொருள்கள் தைராய்டுக்கு அயோடின் போய்ச்சேர்வதைத் தடுக்கும். அயோடின் போதுமான அளவு இருந்தால் அது பெரிய விஷயமில்லை, குறைவாக இருந்தால்தான் உறைக்கும். கையாளும் பழக்கமும் பார்க்க வேண்டியது. உப்பைக் கழுவிப் போட்டால் மேலே ஒட்டியிருக்கும் அயோடின் தண்ணீரோடு போய்விடும். மழைக்காலத்தில் திறந்த சிரட்டையில் அடுப்போரம் வைத்தால் உப்பு நீர் விட்டு அயோடினும் கசியும். மூடிய ஜாடி, உலர்ந்த கரண்டி, இறக்கும் நேரத்தில் உப்பு, இவ்வளவு போதும். அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். ரத்தக்கொதிப்புக்காரர் குறைத்துக்கொள்ளும் அளவு உப்பிலும் அது அயோடின் உப்பாக இருந்தால் சரி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காது கேளாத பிள்ளை எங்கே இருந்தாலும் காரணம் அயோடின் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிறவிச் செவிட்டில் பெரும்பங்கு மரபணு வழி வருவது. தைராய்டோடு ஒட்டுறவே இல்லாத கனெக்சின் 26 போன்ற மரபணுக்கள் அதில் முக்கியம். அம்மைக் காய்ச்சல் வகைகள், பிறந்தவுடன் வரும் கடும் மஞ்சள் காமாலை, சில ஊசி மருந்துகள் என்று வேறு காரணங்களும் நிறைய. கழலையும் செவிடும் சேர்ந்தே இருந்தாலும் ஏமாறலாம். 1896-இல் பென்ட்ரட் என்ற மருத்துவர் விவரித்த நோயில் இரண்டும் உண்டு. ஆனால் அங்கே காது பழுதாவது ஹார்மோன் குறைவால் வருவதில்லை. காதுத் திரவத்திலும் தைராய்டிலும் அயனிகளைக் கடத்தும் ஒரே புரதம் பழுதானதால் இரண்டு இடமும் கெடுகின்றன. நம்மைப் போன்ற சிறிய சமூகத்தில், பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சுற்றிச் சுற்றிச் சொந்தமான வீடுகளில், இந்த மரபணு வழிக் காரணங்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காது கேளாத பிள்ளை பிறந்தால் தாயைப் பார்த்து விரல் நீட்டும் வழக்கம் இங்கே இன்னும் சாகவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள் என்று என்னென்னவோ. மண்ணில் இல்லாத ஒன்றுக்கும், ஆலை தெளிக்காத ஒன்றுக்கும், இரு குடும்பமும் சேர்ந்து கொடுத்த மரபணுவுக்கும் அவளைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பிறந்த பிறகு செய்ய வேண்டியவை இரண்டு. 2,000 முதல் 4,000 பிறப்புக்கு ஒரு குழந்தை தைராய்டு சரியாகச் சுரக்காமல் பிறக்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்த சில நாளுக்குள் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கொடுக்கத் தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். காதின் முக்கிய வேலை வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிட்டதால், மருந்து தொடங்கிய பிள்ளைக்கும் கேட்கும் திறனை இடைக்கிடை சோதிக்க வேண்டும். இரண்டாவது காதுச் சோதனை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழ் வைத்தால் வெளிவரிசைச் செல்களின் பதிலோசையைக் கருவி பிடித்துவிடும், சில நிமிட வேலை. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ சைகையோ தொடங்குவது என்பது உலகம் பின்பற்றும் கணக்கு. இந்த நாட்டில் 2015-16 கணக்கெடுப்பின்படி பத்துப் பிரசவத்தில் நான்குகூட ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை. வீட்டில் பெற்றவர்கள் முதல் தடுப்பூசிக்குப் போகும்போதாவது வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காத காது என்று உறுதியானால் ஒளித்து வைக்கவும் வேண்டாம். ரங்கூனில் மேரி சாப்மன் காது கேளாதோர் பள்ளி 1920-லிருந்து நடக்கிறது. சைகையில் படித்து வாழ்க்கையில் நிமிர்ந்தவர்கள் இங்கே பல தலைமுறையாக இருக்கிறார்கள்.

சொட்டு மருந்து வெளுத்துக் கிடந்த அன்று சாயங்காலமே சித்தப்பா, தெருமுனைக் கடைக்கார அண்ணனிடம் அந்தக் கல்லுப்பை ஒரு தாளில் மடித்துக்கொண்டு போய்க் காட்டினார். முதலில் அவருக்குக் கோபம்தான். பிறகு ஸயாமாவையே வரச்சொல்லித் தன் கடைச் சாக்குகளில் ஒவ்வொன்றாகச் சொட்டு விட்டுப் பார்த்தார். இப்போது சாக்கு உப்பைப் பின்கட்டுக்குத் தள்ளி, கருவாடு போடுகிறவர்களுக்கு மட்டும் அளந்து கொடுக்கிறார். முன்பலகையில் பாக்கெட். கோயிலுக்கும் இந்தப் பங்குனி அன்னதானத்துக்கு அதிலேயே ஒரு பெட்டி போயிருக்கிறது. கழுவிப் போடாதீர்கள் என்று மடைப்பள்ளி ஆட்களிடம் சொல்லி அனுப்பியவர் அப்பாயி.